சந்தனமாரியின் வண்டிக்கு வைத்த மோட்டார்

வன்னியபெருமாளுக்கு இடது கால் சூம்பிப் போனது மூன்று வயதில். பசுவந்தனைப் பக்கம் கரிசல் காட்டில் தாய்க்காரி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள், பிள்ளை வரப்பில் காய்ச்சலோடு கிடந்தது. மறுநாள் எழுப்பினால் ஒரு கால் மட்டும் நிற்க மாட்டேன் என்றது. அன்றோடு அந்தக் கால் வளரவில்லை, மற்றதெல்லாம் வளர்ந்தது. காட்டு வேலைக்கு ஆகாத பிள்ளையை உட்கார்ந்து செய்கிற வேலையில் விட வேண்டும் என்று கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவனைச் சேர்த்தவர்கள் ஒன்றும் கெட்டது செய்துவிடவில்லை. அவன் கை அப்படிப்பட்ட கை.

எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காய வைக்க வேண்டும். ஒரு சுற்றுப் பிசகினாலும் மோட்டார் உறுமும். வன்னியபெருமாள் கட்டிய மோட்டார் உறுமியது என்று விளாத்திகுளம் வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. தனிக் கடை போட்டான். அத்தை மகள் சந்தனமாரியைக் கட்டினான். நொண்டிக்கு இப்படி ஒரு பெண்ணா என்று கல்யாணப் பந்தியிலேயே பேசினார்கள். சந்தனமாரி காதில் விழுந்தது, அவள் பாட்டுக்குப் பாயாசம் குடித்தாள்.

பிறகு மழை நின்றது. இரண்டாயிரத்து ஒன்றா, இரண்டா, அந்த வருடங்கள்தான். முதல் வருடம் இவனுக்கு மூச்சு விட நேரமில்லை. வெறுங்கிணற்றில் ஓடி எரிந்த மோட்டார்கள் கடை வாசலில் குவிந்து கிடந்தன. அடுத்த வருடம் ஒன்றுகூட வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே ஒருத்தன் மோட்டார் போடுவான்? கடைக்குள் இவன் கம்பிச் சுருளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குள் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வந்தால் பெரிய காரியம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மட்டும் ஊற்று இருந்தது. அங்கே பிடித்துவந்து தெருத்தெருவாகக் குடம் குடமாகக் கொடுத்தால் பிழைக்கலாம் என்று பெண்கள் வண்டி தள்ள ஆரம்பித்தார்கள். சந்தனமாரியும் ஒரு மூன்று சக்கர வண்டி பிடித்தாள். பன்னிரண்டு குடம். தோட்டத்தில் ரப்பர் குழாயை விட்டு வண்டியில் வைத்தபடியே நிரப்பிக்கொள்ளலாம். வீட்டுக்காரிகள் நிறைகுடத்தைத் தாங்களே இறக்கிக்கொண்டு காலிக் குடத்தை வைத்துவிடுவார்கள். குடம் தூக்குவது வாங்குகிறவள் பாடு, வண்டி தள்ளுவது விற்கிறவள் பாடு என்பது அங்கே எழுதாத ஏற்பாடு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். மருந்து வாடை பட்டால் அவளுக்கு மூச்சு இளைக்கும். இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

வண்டி தள்ள வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்திருந்தது. இரண்டு நாள் வலி, பிறந்ததும் அழாத பிள்ளை. அப்போதிலிருந்தே அடிவயிறு சரியில்லை. வண்டி தள்ளத் தள்ளக் கருப்பை கீழே இறங்கிவிட்டது. அவள் துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தள்ளினாள். நாத்தனார் சுடலையம்மாள்தான் ஒருநாள் அவள் நடையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா உள்ளே ஒரு வளையத்தை வைத்துத் தாங்கக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாள். ஒரு வருடம் கனம் தள்ளாமல் இருந்தால் இன்னொரு பிள்ளைக்கு வழி இருக்கிறது. தள்ளினால் கருப்பையை எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் விடிந்ததும் சந்தனமாரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வன்னியபெருமாள் வாசலில் நின்று பார்த்தான். மறித்து, நீ இரு, நான் தள்ளுகிறேன் என்று சொல்ல அவனுக்கு ஆசைதான். சொல்ல ஒரு கால் இல்லை.

அன்றைக்குத்தான் வண்டிக்கு மோட்டார் வைப்பது என்று முடிவு செய்தான். தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடை ஒன்றில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற பேட்டரி வண்டியின் மோட்டார் கருகிக் கிடக்கிறது என்று லேத்துப் பட்டறை நல்லக்கண்ணு சொன்னான். போய் எடுத்து, சாக்கில் கட்டித் தோளில் போட்டு, மணியாச்சியில் ரயில் மாறி, அந்தக் காலோடு கொண்டுவந்து சேர்த்தான். லாரிக்காரர்கள் கழற்றிப் போட்டதில் உயிர் மிச்சம் இருந்த பேட்டரி இரண்டு வாங்கினான். பின் சக்கரத்துக்கு ஒரு செயின். மோட்டாரின் வெளிக்கூட்டுக் காயில்தான் கருகியிருந்தது. அதை அவன் தானே கணக்குப் போட்டுக் கட்டினான்.

அந்தக் கணக்கில்தான் தப்பு. அவன் பிறவியெல்லாம் கட்டியது கிணற்று மோட்டார். கிணற்று மோட்டாரைக் காலையில் ஒரு தரம் போடுவார்கள், கரண்ட் இருக்கிறவரை ஓடும். போட்ட நேரத்தில் அதற்குப் பாரமே இல்லை. வேகம் எடுத்த பிறகுதான் தண்ணீர் ஏறும், தண்ணீர் ஏறிய பிறகுதான் பாரம். ஆகவே ஓடும்போது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துத்தான் அவனுக்குக் கட்டத் தெரியும். பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாது என்று மெல்லிசுக் கம்பியில் நிறையச் சுற்றுக் கட்டினான். ஆட்டோ மாதிரி ஓட வேண்டும், அவள் முன்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்ற ஆசையில் செயினின் பல்சக்கரத்தையும் வேகத்துக்குப் பார்த்து வைத்தான்.

சந்தில் விட்டுப் பார்த்தபோது வண்டி பறந்தது. தெருவே கூடிவிட்டது. காலி வண்டி, பிறகு நான்கு குடம், பிறகு ஆறு குடம். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது யாராவது ஒருத்தர் பின்னால் ஒரு கை கொடுத்தார்கள். நம் ஊரில் வண்டி கிளம்புகிறது என்றால் நிற்கிறவன் சும்மா நிற்க மாட்டான், ஒரு தள்ளுத் தள்ளிவிடுவான். அது அன்பு. அந்த அன்புதான் தப்பை மறைத்தது. சுடலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏலே பெருமாளு, இதுக்கு ஒரு ஆரனும் வச்சிரு. தண்ணி எடுக்கப் போற மாதிரி இல்ல, மாப்பிள்ளை அழைக்கப் போற மாதிரில்லா இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சந்தனமாரி சிரிக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கொஞ்ச நாளாக இல்லாத ஒன்று இருந்தது.

மறுநாள் காலை பன்னிரண்டு குடமும் நிரப்பி அவள் ஊருக்குள் வந்தாள். இவன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தான். தோட்டத்தில் பெண்கள் கூடித் தள்ளிவிட்டார்கள், ஆகவே கிளம்பிவிட்டது. ரயில்வே கேட்டில் இரண்டு பக்கமும் ஏற்றம், நடுவில் தண்டவாளம். ஏற்றத்தில் வேகம் குறைந்து, அதன் தலைக்கு வந்து தண்டவாளத்தில் சக்கரம் தட்டி வண்டி நின்றது. சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. நகரவில்லை. மறுபடி போட்டாள். காயில் கருகுகிற வாடை அடித்தது. அந்த வாடை இவனுக்குத் தெரியாதா? இருபது வருடமாகச் சுவாசித்த வாடை.

கேட்கீப்பர் கத்தினார். கேட்டை இறக்கினால்தான் ரயிலுக்குக் கைகாட்டி விழும். ரயில் கைகாட்டிக்கு வெளியே வந்து நின்று ஊதுகிறது. இரண்டு பக்கமும் பஸ், சைக்கிள், மோட்டார்சைக்கிள். ஆளாளுக்கு ஆரன் அடித்தார்களே ஒழிய யாரும் இறங்கி வரவில்லை. வன்னியபெருமாள் பத்தடி பின்னால் இருந்தான். அந்தப் பத்தடியை அவன் ஓடிக் கடப்பதற்குள் சந்தனமாரி முன்னாலிருந்து இறங்கி வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியில் நெஞ்சைக் கொடுத்து, ஒரே மூச்சில் தள்ளினாள். பன்னிரண்டு குடமும், இரண்டு பேட்டரியும், கருகிய மோட்டாரும் தண்டவாளத்தைத் தாண்டின. முன்பு தள்ளியதைவிட அன்றைக்குத்தான் அந்த வண்டி கனம். அவன் வைத்த கனம்.

தாண்டியதும் அவள் வண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். காலில் ரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழிந்த இடத்துக்கு மருந்து வைத்து, வளையத்தை மாற்றி வைத்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி நடந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம், எடுத்துவிடுவேன் என்றாள். பத்து நாள் படுக்கை.

வன்னியபெருமாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சுத்தியலை எடுத்து அந்த மோட்டாரை நொறுக்கிவிடுவது என்று மனதில் முடிவு செய்திருந்தான். மறுநாள் அவள் கஞ்சி குடித்துவிட்டு, ஏன் நின்றது என்று கேட்டாள். அவன் சொன்னான். ஓடுகிற பாரத்துக்குத்தான் கட்டினேன், அது சரியாகத்தான் கட்டியிருந்தேன், எங்கே பிசகினது என்றே தெரியவில்லை என்றான். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தான், நீங்க அந்த வண்டிய ஒருநாளாச்சும் தள்ளியிருக்கியளா?"

அவன் தன் கெட்ட காலைப் பார்த்தான்.

"உருள ஆரம்பிச்சிட்டா அத ஒரு பச்சப்புள்ள தள்ளும். நிக்கிறத அசைக்கதுலதான் என் உசுரு போவுது. நான் எத்தன வாசல்ல நிக்குதேன்? ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தடவ அசைக்கணும். ஓட்டமா கேட்டேன் உங்ககிட்ட? அது எங்கூட நடந்தா போதாதா?"

இவன் வெளியே குழாயடிக்கு முகம் கழுவப் போனான். குழாயில் தண்ணீர் வரவில்லை. சட்டையால் துடைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனான்.

வண்டியில் பன்னிரண்டு குடத்திலும் கரிசல் மண்ணை நிரப்பினான். தண்ணீருக்கு அவன் எங்கே போவான்? செயினைக் கழற்றிவிட்டு, அவள் நிற்கிற இடத்தில் நின்று, அவள் பிடிக்கிற கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. நல்ல காலை ஊன்றித் தள்ளினான். நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். கெட்ட கால் மடங்கி, கைப்பிடி விலாவில் குத்தி, கீழே விழுந்தான். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவள் இதைச் செய்திருக்கிறாள். இவன் கடையில் உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

உடனே அவன் மோட்டாரைப் பிரித்துக் கட்டப் போகவில்லை. முதலில் பாரத்தை அளந்தான். பருத்தி எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, ஒரு கொக்கியை வண்டியிலும் மறு கொக்கியைக் கயிற்றிலும் மாட்டினான். அந்த நாளெல்லாம் பிழைப்புக்கு வண்டி தள்ளியது சுடலையம்மாள். பேட்டரியையும் மோட்டாரையும் இறக்கிவிட்டு, அவற்றின் கனத்துக்கு மண் மூட்டை ஒன்றை ஏற்றிவைத்து, தள்ளுவதற்குப் பதிலாக இழுக்கச் சொன்னான். அவள் அவனைத் திட்டிக்கொண்டே, தெருப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இழுத்தாள். இவன் பக்கத்திலேயே நொண்டிப் போய், தராசு முள் எவ்வளவு போகிறது என்று பார்த்து, ஒவ்வொரு வாசல் கல்லிலும் சாக்கட்டியால் கோடு போட்டான். பொண்டாட்டி பாடுபட்டதை எடை போட்டு விற்கப் போகிறானா என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உருளும்போது முள் இரண்டு கோடு. நின்றதை அசைக்கும்போது ஏழு கோடு. கேட்டு ஏற்றத்தில் நிறுத்தி அசைத்தபோது முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் தராசில் இடமில்லை.

அவன் அந்த இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அளக்கவே முடியாத பாரத்துக்கு எப்படிக் கட்டுவது?

கட்டித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் ஒன்பதாம் நாள் சுடலையம்மாளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஐம்பது வயதுக்காரி, அவளும் எத்தனை நாள் தாங்குவாள். சந்தனமாரி படுக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தாள், வீட்டில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். திங்கட்கிழமை நான் போகிறேன் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் சத்தமாகச் சொல்லாததை மாற்ற முடியாது என்று அவனுக்குத் தெரியும். அன்று வியாழக்கிழமை.

மெல்லிசுக் கம்பி உதவாது, கனத்த கம்பி வேண்டும். நல்லக்கண்ணு பட்டறையில் எரிந்து கிடந்த வெல்டிங் செட்டு ஒன்று இருந்தது. அதன் வயிற்றில் விரல் பருமனுக்குச் செம்புப் பட்டை. "அண்ணாச்சி, இத எடுத்தா நாளைக்கு நான் வெல்டிங்குக்கு ஒங்க மண்டையத்தான் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவனே பிரித்துக் கொடுத்தான். சுற்று குறைவாக, கம்பி கனமாக. பிறகு செயின். மோட்டாரிலிருந்து நேரே சக்கரத்துக்குப் போகாமல், நடுவில் ஒரு அச்சு வைத்து, சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதுக்கு, மறுபடி சின்னதிலிருந்து பெரியதுக்கு. இரண்டு தரம் வேகத்தைக் குறைத்தால் இரண்டு தரம் பலம் கூடும். நல்லக்கண்ணு பல் வெட்டிக் கொடுத்தான். இவ்வளவு குறைத்தால் எருமை மாதிரிப் போகுமே என்றான். எருமை மாதிரிப் போகட்டும் என்றான் இவன். எடுத்த எடுப்பில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து பாய்ந்தால் செயின் அறுந்துவிடும். ஆகவே சுவிட்சை இரண்டு படியாக வைத்தான். முதல் படியில் ஒரு பேட்டரி அசைக்கும், அசைந்த பிறகு இரண்டாவது படியில் இரண்டும் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வார்னிஷ் இன்னும் காயவில்லை. தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டான். அவள் கேட்கவில்லை. சந்தில் விட்டுப் பார்க்கும்போது பின்னால் கை கொடுக்க வந்தவர்களை எல்லாம் ஊன்றுகோலை ஓங்கி விரட்டினான். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை காலை தோட்டத்தில் பன்னிரண்டு குடமும் நிரம்பின. கைப்பிடியை அவன் பிடித்தான், அவள் பக்கத்தில் வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான். வண்டி நின்றால் நின்றதுதான். கேட்டில் நின்றாலும், ரயில் வந்தாலும், ஊரே காறித் துப்பினாலும் அவள் கை வைக்கக் கூடாது. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியதை அவன் நம்பவில்லை.

கேட்டு ஏற்றத்தில் வண்டி ஏறியது. அவன் நொண்டி நடைக்குச் சரியாக, முன்னேயும் போகாமல் பின்னேயும் விடாமல். தலைக்கு வரும்போது முன்னால் போன வைக்கோல் வண்டி மாட்டை இழுத்து நிறுத்தினான் ஒருத்தன். வேறு வழியில்லை, இவனும் நிறுத்தினான். சரியாக அதே இடம். முன் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டி.

வைக்கோல் வண்டி போய்விட்டது. கேட்கீப்பர் இவர்களை அடையாளம் கண்டுகொண்டு அறையிலிருந்து இறங்கினார். வன்னியபெருமாள் முதல் படியைப் போட்டான். மோட்டார் உறுமியது. வண்டி அசையவில்லை. பின்னால் ஒரு விரல்கடை உருண்டது. குடத்துத் தண்ணீர் தளும்பி அவன் காலில் விழுந்தது. மூக்கு தானாகவே கருகல் வாடையைத் தேடியது. அதற்குள் அவள் இரண்டு கையும் கைப்பிடிக்கு வந்துவிட்டன, பழகின கை.

"சந்தனம், கைய எடு."

"அத்தான், ஒரே ஒரு தள்ளு."

"எடுன்னு சொல்லுதேன். இது நின்னா நின்னுட்டுப் போவுது. நீ நிக்கணும்ட்டி எனக்கு."

அவள் எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எங்கே வைத்தாலும் அது மறுபடி வண்டிக்கே போய்விடும் என்று பயந்தவள் மாதிரி, இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் சுவிட்சை விட்டு, மூச்சைப் பிடித்து, மறுபடி முதல் படியைப் போட்டான்.

செயின் இறுகுகிற சத்தம் கேட்டது. பின்னால் உருண்டதில் கிடைத்த அந்த விரல்கடை இடத்தில் உந்தி, முன் சக்கரம் தண்டவாளத்தில் முட்டி, கொஞ்சம் யோசித்து, ஏறியது. அவன் இரண்டாம் படியைப் போட்டான். பின் சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. வண்டி அந்தப் பக்கத்துச் சரிவில் அவனோடு நடந்தது.

சந்தனமாரி கையை இறக்கவில்லை. தூக்கிய கையோடேயே கேட்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, முதல் வாசல் வரைக்கும் வந்தாள். வாசலில் காலிக் குடத்தோடு நின்ற கோமதியம்மாள், "என்னட்டி, போலீஸ்காரன் பிடிச்ச மாதிரி கையத் தூக்கிட்டு வார?" என்றாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இறக்கினாள். வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

கோமதியம்மாள் குடத்தை மாற்றிக்கொண்டாள். வன்னியபெருமாள் மோட்டாரின் கூட்டைத் தொட்டுப் பார்த்தான். சூடு. கை வைத்திருக்க முடிகிற சூடு. பேட்டரிகள் பழையவை, எத்தனை மாதம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. இந்த வருடமாவது மழை வருமா என்பதும், அந்த ஒரு வருடம் முடியும்போது டாக்டரம்மா என்ன சொல்வாள் என்பதும் தெரியாது. வாசல் கல்லில் அவன் போட்ட சாக்கட்டிக் கோடு அழியாமல் இருந்தது. ஏழு கோடு.

அவன் முதல் படியைப் போட்டான். அன்றைக்கு நடை நடையாக இன்னும் நாற்பத்தொன்பது வாசல் இருந்தன. ஒவ்வொன்றிலும் வண்டி நின்றது, ஒவ்வொன்றிலும் அவன் மூச்சு நின்றது, ஒவ்வொன்றிலும் அவள் கைகள் இரண்டும் மேலே போயின.